விற்பனைக்கு முந்தைய குளியலறைப் புதுப்பிப்பு

விற்பனைக்கு முந்தைய குளியலறைப் புதுப்பிப்பு என்பது, வீட்டு உரிமையாளர் ஒருவர் தமது வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன் குளியலறையைக் குறைந்த செலவில் சீர்செய்வதைக் குறிக்கும். பழைய வீடுகள் பெருமளவில் கைமாறும் ஐக்கிய அமெரிக்காவில் இது பரவலான வழக்கம் ஆகும். இக்கட்டுரை அந்நாட்டு நடைமுறையை விளக்குகிறது. உரிமையாளர் தமது வசதிக்காகச் செய்யும் முழுப் புதுப்பிப்பிலிருந்து இது வேறுபடுகிறது. இங்கு செலவிட்ட பணம் விற்பனை விலையில் திரும்பக் கிடைக்குமா என்பதே முதன்மையான கேள்வி.

பின்னணி

1940ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, அமெரிக்க வீடுகளில் ஏறத்தாழப் பாதியில் முழுமையான குழாய் வசதி இருக்கவில்லை. குழாய்வழி வெந்நீரும் தண்ணீரும், குளியல் தொட்டி அல்லது ஷவர், நீர் பாய்ச்சும் கழிப்பறை ஆகிய மூன்றும் சேர்ந்ததே முழுமையான வசதி எனக் கொள்ளப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டப்பட்ட புறநகர் வீடுகளில் குளியலறை இன்றியமையாத பகுதியானது. இன்று வீட்டு விளம்பரங்களில் படுக்கையறைகளின் எண்ணிக்கைக்கு அடுத்து குளியலறைகளின் எண்ணிக்கை தரப்படுகிறது. கழிப்பறையும் கைகழுவும் தொட்டியும் மட்டும் உள்ள அறை 'அரைக் குளியலறை' எனக் கணக்கிடப்படுவதால், 'இரண்டரைக் குளியலறை வீடு' போன்ற வழக்குகள் ஏற்பட்டன.

1920களின் இறுதியில் வண்ணத் தொட்டிகளும் வண்ணக் கழிப்பறைக் கோப்பைகளும் சந்தைக்கு வந்தன. 1950களில் இளஞ்சிவப்பும் 1970களில் வெண்ணெய்ப்பழப் பச்சையும் விரும்பப்பட்டன. இவ்வண்ணங்கள் பின்னர் வழக்கொழிந்ததால், குளியலறையைப் பார்த்தே வீட்டின் வயதை அறியும் நிலை உண்டானது. நன்றாக இயங்கும் பழைய குளியலறையைக்கூட விற்பவர்கள் மாற்ற விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

செலவும் மீட்பும்

'ரீமாடலிங்' என்னும் அமெரிக்க வணிக இதழ் வெளியிட்டுவந்த செலவு-மதிப்பு ஒப்பீட்டு அறிக்கைகள் இத்துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படுபவை. அவற்றின்படி, குளியலறைப் புதுப்பிப்புக்கான செலவு பொதுவாக முழுமையாக மீள்வதில்லை. 2024ஆம் ஆண்டு அறிக்கையில் நடுத்தரப் புதுப்பிப்பு தன் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கை மீட்டது. ஆடம்பரப் புதுப்பிப்பு பாதிக்கும் குறைவாகவே மீட்டது. வாங்குபவரின் சுவை விற்பவரின் சுவையோடு ஒத்துப்போக வேண்டிய தேவையில்லை என்பதே இதன் காரணம். விலையுயர்ந்த பளிங்கை வாங்குபவர் விரும்பாவிட்டால் அதற்கான பணம் வீணாகிறது. ஆனால் ஒழுகும் குழாயையோ கறுத்த இணைப்புகளையோ எந்த வாங்குபவரும் விரும்புவதில்லை. ஆகவே சிறு குறைகளை நீக்குவது பெரிய மாற்றங்களைவிட ஆதாயமானது எனக் கருதப்படுகிறது.

வழக்கமான பணிகள்

குறைந்த செலவிலான புதுப்பிப்பில், தொட்டி, கழிப்பறை, கழிவுக் குழாய் ஆகியவை இருந்த இடத்திலேயே விடப்படுகின்றன. குழாய்களை இடம் மாற்றினால் தரையையும் சுவரையும் உடைக்க வேண்டும். பல நகரங்களில் கட்டுமான அனுமதியும் பெற வேண்டும். பொதுவாகச் செய்யப்படும் பணிகள் பின்வருமாறு:

* டைல்களின் இடையிலுள்ள சாந்தைத் தூய்மைப்படுத்துதல் அல்லது சுரண்டிப் புதிதாக நிரப்புதல்.
* தொட்டியும் சுவரும் சேரும் இடத்தில் பழைய சிலிக்கோன் பசையை முழுவதும் நீக்கிப் புதிதாக இடுதல். பழையதன் மேல் இடப்படும் பசை நன்றாக ஒட்டாது.
* சுவருக்கு ஈரம் தாங்கும் வண்ணம் பூசுதல்.
* கழுவுதொட்டிக் குழாய், ஷவர் தலை, விளக்கு, கண்ணாடி, கைப்பிடிகள் ஆகியவற்றை மாற்றுதல்.
* கழிப்பறைக் கோப்பையை அல்லது அதன் மூடியை மட்டும் மாற்றுதல்.
* காற்றை வெளியேற்றும் மின்விசிறியைச் சீர்செய்தல். இதன் குழாய் கூரையின் அடிவெளியில் முடியாமல் வீட்டுக்கு வெளியே திறக்க வேண்டும்.

ஈரமும் மறைந்த சேதமும்

அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவை மரச் சட்டகத்தின் மீது ஜிப்சம் பலகை பொருத்திக் கட்டப்படுபவை. இவற்றில் நீர்க்கசிவு, செங்கல் கட்டடத்தில் ஏற்படுவதைவிட விரைவாகச் சேதம் விளைவிக்கும். எடுத்துக்காட்டாக, கழிப்பறைக் கோப்பைக்கும் தரைக் குழாய்க்கும் இடையில் ஒரு மெழுகு வளையம் நீரைத் தடுக்கிறது. கோப்பை ஆடத் தொடங்கினால் இவ்வளையம் உருக்குலைந்து, ஒவ்வொரு முறையும் சிறிதளவு நீர் தரைக்குக் கீழே செல்கிறது. மேலே எந்த அடையாளமும் தெரியாமல் அடியிலுள்ள மரப்பலகை உளுத்துப்போகலாம். மெழுகு வளையத்தின் விலை சில டாலர்களே. உளுத்த தரையைப் பெயர்த்துப் போடுவதற்கு அதைப்போல் பல நூறு மடங்கு செலவாகலாம்.

எனவே முதலில் கசிவையும், அடுத்து மின் பாதுகாப்பையும், இறுதியில் தோற்றத்தையும் கவனிப்பதே முறையான வரிசை ஆகும். கறையின் மேல் வண்ணம் பூசினால் கறை மறையுமேயன்றி ஈரம் மறையாது. வாங்குபவர் அமர்த்தும் வீட்டுப் பரிசோதகர்கள் ஈரமானியைக் கொண்டு சுவரையும் தரையையும் சோதிப்பதுண்டு. அப்போது வெளிப்படும் கசிவு, விலைக் குறைப்புக்கோ ஒப்பந்தம் முறிவதற்கோ காரணமாகலாம்.

மின் பாதுகாப்பைப் பொறுத்தவரை, குளியலறை மின்செருகிகளுக்கு நிலக்கசிவு மின்துண்டிப்பான் தேவை என்பதை அமெரிக்கத் தேசிய மின் விதிகள் 1975இல் சேர்த்தன. அதற்கு முந்தைய வீடுகளில் இது இல்லாதிருக்கலாம். குறைந்த செலவில் இதைச் சேர்க்க முடியும்.

தொட்டி மறுபூச்சும் உயிரிழப்புகளும்

பழைய தொட்டியைப் பெயர்த்து எடுப்பதற்குப் பதிலாக, அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, எப்பாக்சி அல்லது அதையொத்த பூச்சைத் தெளிப்பது மறுபூச்சு எனப்படும். இது புதிய தொட்டியைவிட மலிவானது. எனினும் மூலப் பீங்கான் பூச்சின் ஆயுள் இதற்கு இல்லை. உராயும் தூள்களால் தேய்த்தால் உரிந்துவிடும்.

பழைய பூச்சை உரிக்கப் பயன்பட்ட மெத்திலீன் குளோரைடு என்னும் கரைப்பான் பலரின் உயிரைப் பறித்துள்ளது. இதன் ஆவி காற்றைவிட அடர்த்தியானது. ஆகையால் தொட்டிக்குள்ளேயே தேங்கி நிற்கும். காற்றோட்டமற்ற சிறு அறையில், தொட்டிக்குள் குனிந்து வேலை செய்பவர் அதைச் செறிவாகச் சுவாசிக்கிறார். அது மயக்கத்தை உண்டாக்குவதோடு உடலினுள் கார்பன் மோனாக்சைடாகவும் மாறுகிறது. 2000 முதல் 2011 வரை தொட்டி மறுபூச்சுத் தொழிலாளர்கள் 13 பேர் இவ்வாறு இறந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் பதிவு செய்தது. பூச்சு நீக்கியாக இதை நுகர்வோருக்கு விற்பதை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019இல் தடை செய்தது. 2024இல் வெளியான விதி பெரும்பாலான தொழிற்பயன்பாடுகளுக்கும் தடையை விரிவாக்கியது.

சட்டத் தேவைகள்

ஈயம்: வீடுகளில் ஈய வண்ணம் 1978இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் கட்டப்பட்ட வீட்டை விற்பவர், ஈய வண்ணம் பற்றித் தாம் அறிந்ததை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். சோதித்துப் பார்க்க 10 நாள் வாய்ப்பும் தர வேண்டும். இத்தகைய வீடுகளில் கூலிக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர், அறைக்கு 6 சதுர அடிக்கு மேல் வண்ணப் பரப்பைக் கலைப்பதாயின் உரிய சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2010 முதல் நடைமுறையில் உள்ளது.

நீர்ச் சிக்கனம்: 1992ஆம் ஆண்டு ஆற்றல் கொள்கைச் சட்டத்தின் கீழ், 1994 முதல் புதிய வீட்டுக் கழிப்பறைகள் ஒரு முறைக்கு 1.6 கேலனுக்கு (சுமார் 6 லிட்டர்) மேல் நீரைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு முந்தையவை 3.5 கேலன் (சுமார் 13 லிட்டர்) அல்லது அதற்கு மேலும் பயன்படுத்தின. கலிபோர்னியாவில், 1994க்கு முன் கட்டப்பட்ட தனி வீடுகளில் பழைய வகைக் கழிப்பறைகளையும் குழாய்களையும் 2017க்குள் மாற்ற வேண்டும் எனச் சட்டம் விதித்தது. மாற்றப்படாதவை இருப்பின் விற்பவர் அதனை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

குறை வெளிப்படுத்தல்: விற்பவர் தாம் அறிந்த குறைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் எனப் பல மாநிலங்கள் கோருகின்றன. கலிபோர்னியாவில் இதற்கான படிவம் 1987 முதல் கட்டாயமாக உள்ளது. அலபாமா போன்ற சில மாநிலங்களில், பழைய வீடுகளைப் பொறுத்தவரை, வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்ற பழைய கொள்கை சில விலக்குகளுடன் தொடர்கிறது. எனினும் தெரிந்த கசிவைப் புது டைலால் மூடி மறைப்பது, விற்பனைக்குப் பின்னரும் மோசடி வழக்குக்கு இடமளிக்கக்கூடும். கசிவைச் சரிசெய்து, அதற்கான பற்றுச்சீட்டை வாங்குபவரிடம் காட்டுவது இருவருக்கும் பாதுகாப்பானது.

வரி: வீட்டின் மதிப்பைக் கூட்டும் மேம்பாட்டுச் செலவை வீட்டின் அடக்க விலையுடன் சேர்த்துக்கொள்ளலாம், சாதாரணப் பழுதுபார்ப்புச் செலவைச் சேர்க்க முடியாது. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பனைக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 2 ஆண்டுகளேனும் உரிமையாளராக அவ்வீட்டில் வாழ்ந்தவருக்கு 2,50,000 டாலர் வரையிலான ஆதாயத்துக்கும், கூட்டாகக் கணக்குச் சமர்ப்பிக்கும் தம்பதியருக்கு 5,00,000 டாலர் வரையிலான ஆதாயத்துக்கும் வரிவிலக்கு உண்டு. ஆகவே பலருக்கு இவ்வேறுபாட்டால் வரியில் மாற்றம் ஏற்படுவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* குளியலறை
* கழிப்பறை
* ஈய நஞ்சேற்றம்
* டைகுளோரோமீத்தேன்
* பூஞ்சணம்