ஊராட்சித் தலைமையில் தலித் பெண்கள்

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண்கள் பலர், சாதி, பால் ஆகிய இரண்டின் அடிப்படையிலும் ஒருசேரத் தடைகளை எதிர்கொண்டுள்ளனர். பதவி கிடைத்தாலும் அதற்குரிய அதிகாரத்தைச் செலுத்த இயலாமை இச்சிக்கலின் மையம் ஆகும்.

இவ்வாறு இரு ஒடுக்குமுறைகள் பிரிக்க இயலாதவாறு பின்னிச் செயற்படுவதை அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் கோட்பாடாக முன்வைத்தார். அமெரிக்க நிறுவனங்களின் பெண் மேலாளர்களை ஆராய்ந்த எல்லா பெல், ஸ்டெல்லா இன்கோமோ ஆகியோர் 2001இல் வெளியிட்ட நூல், கறுப்பினப் பெண்களின் அதிகாரம் பணியிடத்தில் கேள்விக்குள்ளாவதை விவரிக்கிறது. அங்கு இனம் வகிக்கும் இடத்தை இங்கு சாதி வகிக்கிறது.

சட்டப் பின்னணி

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படியும், அவ்விடங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு அச்சாதிப் பெண்களுக்கும் ஒதுக்கீடு அளித்தது. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்ந்தது.

சட்டமன்றத் தனித்தொகுதியிலிருந்து இது வேறுபட்டது. எடுத்துக்காட்டாக, தென்காசி மாவட்டத்தின் வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. எனினும் அதன் உறுப்பினர் ஊர் அலுவலகம் எதையும் நடத்துவதில்லை. ஊராட்சித் தலைவரோ குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு, வீட்டுவரி ஆகியவற்றைக் கவனிக்கும் மேலாளர் போன்றவர். ஊராட்சிச் செயலர், நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர் ஆகியோரிடம் அவர் வேலை வாங்க வேண்டும். ஆதிக்க சாதியைச் சேர்ந்த பணியாளர் தலித் பெண் ஒருவரின் ஆணையை ஏற்க மறுப்பின், அன்றாடப் பணிகளே முடங்கும்.

துணைத் தலைவரின் கையொப்பம்

ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் வழங்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையொப்பமிட வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். அப்பதவிக்கு இட ஒதுக்கீடு இல்லை. ஆகவே தலைவர் பதவியை இழந்த ஆதிக்க சாதியினர் துணைத் தலைவர் பதவி வழியாக நிதியைத் தம் பிடியில் வைத்துக்கொள்ள இயலும். பணமோசடியைத் தடுக்கும் இவ்வேற்பாடு, கையொப்பம் மறுக்கப்படும் ஊர்களில் தலைவரையே செயலற்றவராக்கிவிடுகிறது. வெளியே அதிகம் பேசப்படாத தடையும் இதுவே.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் 2020 விடுதலை நாளன்று ஊராட்சித் தலைவர் அமிர்தம் தேசியக் கொடி ஏற்றுவது தடுக்கப்பட்டது. செய்தி பரவிய பின், ஆகத்து 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடி ஏற்றினார்.

அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சித் தலைவர் இராஜேசுவரி, மற்றவர்கள் நாற்காலியில் இருக்கக் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருந்த படம் வெளியானது. துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதியப்பட்டது. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

திருநெல்வேலி அருகேயுள்ள தாழையூத்தில் நிகழ்ந்தது இவற்றினும் கொடியது. 2006இல் தலைவரான கிருஷ்ணவேணி, அருந்ததியர் சமூகத்தவர். பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட அவர் முனைந்ததை ஒட்டி எதிர்ப்பு எழுந்தது. 2011 சூன் 13 இரவு வீடு திரும்புகையில் அரிவாளால் வெட்டப்பட்டுப் படுகாயமுற்றார். எனினும் உயிர் பிழைத்தார். இவ்வழக்கில் அறுவருக்குத் திருநெல்வேலி நீதிமன்றம் 2024இல், அதாவது 13 ஆண்டுகள் கழித்து, ஆயுள் தண்டனை விதித்தது.