புருஷன் போட்ட கையெழுத்தும் பெண்டாட்டியின் நாடும்

எங்கள் தளவானூரில் பக்கத்துத் தெரு அக்காவுக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பிரெஞ்சு நேஷனாலிட்டி. படிப்பு, சம்பளம் எல்லாவற்றுக்கும் முன்னால் தரகர் அதைத்தான் சொன்னார். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தபோது அந்த அக்காவின் ஆயா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"கல்யாணம் ஆயிட்டா எங்க பொண்ணு இந்தியாக்காரி இல்லியா? அப்ப அவ பேர்ல இருக்கற மல்லாட்டைக் கொல்லை என்னாவறது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எனக்கும் பதில் தெரியவில்லை. வருமான வரிப் பாடத்தில் 'குடியிருப்பு நிலை' வேறு, 'குடியுரிமை' வேறு என்று படித்ததோடு சரி (அதையும் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தாச்சு). பிறகு தேடிப் படித்தேன். ஆயா கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. இருநூறு வருஷமாக உலகத்தில் சட்டம் போடுகிறவர்கள் அடித்துக்கொண்ட கேள்வி. அதற்கு ஒரு நல்ல பதில் நம் பக்கத்து ஊர் புதுச்சேரிக்காக எழுதிய ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

முதலில் பழைய கதை. 1804-ல் நெப்போலியன் காலத்தில் வந்த பிரெஞ்சு சிவில் சட்டம் விஷயத்தை இரண்டே வரியில் முடித்துவிட்டது. பிரெஞ்சுக்காரனைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பெண் பிரெஞ்சுக்காரி. வெளிநாட்டானைக் கட்டிக்கொண்ட பிரெஞ்சுப் பெண் பிரெஞ்சுக்காரி இல்லை. அவளைக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. பிரிட்டன் 1870-ல் இதே மாதிரி சட்டம் போட்டு, 1914 சட்டத்திலும் தொடர்ந்தது. அமெரிக்கா 1907-ல். தாய்லாந்து (அப்போது சயாம்) தன் முதல் குடியுரிமைச் சட்டத்தை 1913-ல் போட்டபோது அதுவும் இதே பாதைதான்.

இதில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவரை நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். தாரக்நாத் தாஸ் என்ற வங்காளப் புரட்சிக்காரர் 1914-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் 'வெள்ளையர்' இல்லை, அவர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்தும் பிடுங்க ஆரம்பித்தார்கள். 1924-ல் தாஸ் கல்யாணம் செய்துகொண்ட மேரி அமெரிக்காவிலேயே பிறந்த பெண். 1922-ன் கேபிள் சட்டம் பெண்களுக்குச் சலுகை தந்த சட்டம்தான். ஆனால் குடியுரிமைக்குத் தகுதி இல்லாத ஆளைக் கட்டிக்கொண்டால் அந்தச் சலுகை இல்லை என்று அதற்குள்ளேயே ஒரு கண்ணி. சொந்த நாட்டிலேயே மேரி நாடற்றவர் ஆனார். அந்தக் கண்ணியை 1931-ல்தான் எடுத்தார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

செஞ்சிக் கோட்டையைப் பற்றிப் பேசும்போது ராஜா தேசிங்கோடு நிறுத்திவிடுகிறோம். 1750-ல் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை அந்தக் கோட்டையைப் பிடித்தது. 1761-ல் ஆங்கிலேயரிடம் போகும்வரை, பதினோரு வருஷம், செஞ்சியில் பிரெஞ்சுக் கொடி. அது அப்படியே நின்றிருந்தால் தரகருக்கு இந்த வரனில் பெருமையாகச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது, எங்கள் ஊர் டீக்கடைக்காரர்கூட பிரெஞ்சு நேஷனாலிட்டியாக இருந்திருப்பார்! ஆனால் செஞ்சி ஆங்கிலேயர் பக்கம், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் பக்கம் என்று கோடு விழுந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சாதி, ஒரே உறவு, ஒரே கோயில். பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. சட்டப்படி பார்த்தால் அதில் எத்தனையோ கல்யாணம் 'வெளிநாட்டுக் கல்யாணம்'. மாட்டு வண்டியில் போன மணப்பெண்ணிடம் யார் போய் இதைச் சொல்லியிருப்பார்கள்?

புதுச்சேரிக்குள்ளே 1881 செப்டம்பர் 21-ல் ஒரு ஆணை வந்தது. இந்து, முஸ்லிம் என்று அவரவர் சொந்தச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம். கூடவே ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' ஆனது இப்படித்தான் (பிரெஞ்சில் அதற்குக் 'கதவு' என்று அர்த்தம்). இவர்களை ரெனோன்சான் என்றார்கள், துறந்தவர்கள். இவர்களில் பலர் பிறகு சைகோன் பக்கம் பிரெஞ்சு அரசு வேலைக்குப் போனார்கள், சிலர் அங்கேயே வியட்நாம் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். சாதிக்குள் அடைபட்டவர்களுக்கு இந்த ஆணை ஒரு வாசல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதில் ஒரு இடம் எனக்கு உறுத்தியது. எழுதிக் கொடுத்தவர் மட்டுமல்ல, அவர் மனைவியும் மைனர் பிள்ளைகளும் சேர்ந்தே அந்தச் சட்டத்துக்குள் போய்விடுவார்கள். திரும்பி வரவும் முடியாது. புருஷன் ஒரு கையெழுத்துப் போட்டால் காலையில் இந்துச் சட்டத்தில் எழுந்த மனைவி சாயங்காலம் நெப்போலியன் சட்டத்தில் படுக்கவேண்டியதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு எழுபத்தைந்து வருஷம் தாண்டி வாருங்கள். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் இந்தியாவும் பிரான்சும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. பிரெஞ்சு நாடாளுமன்றம் இழுத்தடித்ததால் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அது அமலுக்கு வந்தது. அன்றைக்குப் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாமில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லோரும் இந்தியர் ஆனார்கள். வேண்டாம், பிரெஞ்சாகவே இருக்கிறேன் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சுமார் ஐயாயிரம் பேர் கொடுத்தார்கள். மற்றவர்கள் சும்மா இருந்தார்கள், சும்மா இருந்ததாலேயே இந்தியர் ஆனார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவில் ஒரு சின்ன வாக்கியம். கணவனின் தேர்வு மனைவியின் குடியுரிமையைப் பாதிக்காது என்று அதற்குப் பொருள். படித்ததும் திரும்ப ஒருமுறை படித்தேன். 1881-ல் மனைவியைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போன அதே பிரெஞ்சு அரசு, அதே ஊரில், அவளைத் தனி ஆளாக ஒப்புக்கொண்டது. கல்யாணமான பெண்களின் குடியுரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கைகூட 1957-ல்தான் கையெழுத்துக்கு வந்தது, இந்த வாக்கியம் அதற்கும் முந்தியது. ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் பழைய புத்தி போகவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு அப்பா எழுதிக் கொடுப்பதுதான் செல்லும். அப்பா இறந்திருந்தால் மட்டும் அம்மா.

அப்புறம் பேச்சுவாக்கில் தெரிந்தது, வந்த வரனின் வீட்டிலேயே இந்தக் கதை நடந்திருக்கிறது. மாப்பிள்ளையின் தாத்தா 'சொல்தா', அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் எழுதிக் கொடுத்தார், பிள்ளைகள் பெயரையும் அதில் சேர்த்தார். பாட்டி எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. மறந்தாரா, வேண்டாம் என்று நினைத்தாரா? ஒரே வீட்டில் தாத்தா பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போட்டார், பாட்டி புதுச்சேரிச் சட்டசபைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். சண்டை எதுவும் வரவில்லையாம்.

ஆனால் 1962-க்குப் பிறகு புதிதாகக் கல்யாணம் செய்துகொண்ட பெண்களை அந்த வாக்கியம் காப்பாற்றவில்லை. பிரான்சின் 1945 சட்டப்படி பிரெஞ்சுக்காரனைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பெண் தாலி ஏறும் நேரத்திலேயே பிரெஞ்சுக்காரி. 1973 வரைக்கும் இந்த நிலைமை. இந்தியச் சட்டமோ (அரசியல் சாசனத்தின் 9-வது பிரிவு, 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவு, இரண்டுமே ஒன்பது!) 'தானாக விரும்பி' வேறு குடியுரிமை பெற்றால்தான் இந்தியக் குடியுரிமை போகும் என்கிறது. கழுத்தை நீட்டியதைத் தவிர எதையும் செய்யாத பெண் விரும்பிப் பெற்றாளா, இல்லையா? வாதாடலாம். ஆனால் பிரெஞ்சு பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிவிட்டால் வாதாட முடியாது. வெளிநாட்டு பாஸ்போர்ட் பெற்றதே முடிவான சான்று என்று விதி இருந்தது, அந்த விதி செல்லும் என்று 1962-ல் இசார் அகமது கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்றைக்கு நிலைமை என்ன? அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்ததையே இங்கேயும் எழுதுகிறேன். கல்யாணத்தால் மட்டும் இந்தியக் குடியுரிமை போகாது. பிரான்சும் இப்போது தானாகக் கொடுப்பதில்லை. கல்யாணமாகி நான்கு வருஷம், சில நிலைமைகளில் ஐந்து வருஷம் கழித்து அவளே விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை இந்திய பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் வைத்துக்கொண்டு அங்கே இருக்கலாம், விருப்பமிருந்தால் கடைசிவரை அப்படியே இருக்கலாம். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கினால் அந்த நாளே இந்தியக் குடியுரிமை போகும், பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். பிரான்சுக்கு இரண்டும் வைத்திருப்பதில் ஆட்சேபணை இல்லை, முடியாது என்பது நாம்தான்.

இந்த இடத்தில் தாய்லாந்தைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. 1965-ல் அவர்கள் சட்டத்தை மாற்றினார்கள். வெளிநாட்டானைக் கட்டிக்கொண்டு அவன் நாட்டுக் குடியுரிமை பெற முடிகிற பெண், தாய் குடியுரிமையை விட விரும்பினால் அறிவிக்கலாம். அறிவிக்காவிட்டால் அவள் தாய்க்காரிதான். 2008-ல் ஆண்களுக்கும் இதையே ஆக்கினார்கள். அங்கே விடுவதற்குத்தான் கையெழுத்து, நம் ஊரில் இன்னொன்றை வாங்கப் போடுகிற கையெழுத்தே விடுவதாகவும் ஆகிவிடுகிறது.

நம் சட்டத்தையும் ரொம்பத் திட்ட வேண்டாம், ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1992 டிசம்பர் 10-க்கு முன்னால் வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு அப்பா இந்தியராக இருந்தால்தான் வம்சாவளியாக இந்தியக் குடியுரிமை. பிடிவாதமாக இந்திய பாஸ்போர்ட்டை விடாமல் பாரிசில் பிள்ளை பெற்ற அம்மாவுக்கு அதைப் பிள்ளைக்குக் கொடுக்க வழி இல்லை.

ஆயாவின் கொல்லைக்கு வருவோம். இந்தியராக இங்கே வசிக்கும்போதே வாங்கிய நிலத்தையோ, இங்கே வசிப்பவரிடமிருந்து வாரிசாக வந்த நிலத்தையோ குடியுரிமை மாறினாலும் வைத்துக்கொள்ளலாம். ஓசிஐ அட்டை வாங்கினால் விசா இல்லாமல் வந்து போகலாம். ஆனால் புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டும் கிடையாது. இதை ஆயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்துவிட்டு, "பக்கத்துல முக்கா ஏக்கரா விலைக்கு வருது, அத மொதல்ல அவ பேர்ல முடிச்சுடலாம்" என்றார்.

அக்கா தரகரிடம் ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருக்கிறாள். அஞ்சு வருஷம் கழித்து விண்ணப்பம் போடுவதா வேண்டாமா என்பதை அப்போது அவள் சொல்வாளாம், இப்போதே யாரும் கேட்கக் கூடாதாம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.