ஒப்புக்குச் சப்பாணிகளுக்கு ஒரு டீம்

பெரிய பசங்கள் ஆடும் ஆட்டத்தில் பொடியன் ஒருவன் அழுதுகொண்டு நின்றால் என்ன செய்வார்கள்? ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். சாக்கடையில் விழுந்த பந்தை அவன்தான் எடுக்க வேண்டும். அவன் அடித்தாலும் கணக்கில்லை, அவுட் ஆனாலும் கணக்கில்லை. (அடியேனும் அந்தப் பதவியில் இரண்டு வருடம் இருந்தவன்தான்!)

இந்தப் பொடியன்களுக்காகவே ஒருவர் தனி டீம் ஆரம்பித்தார். அந்தக் கதைதான் இது. ஆட்டம் பேஸ்பால், ஊர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள வில்லியம்ஸ்போர்ட்.

1938ல் ஒருநாள் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் வீட்டு முற்றத்தில் தன் அக்காள் பையன்களோ தம்பி பையன்களோ, இரண்டு சிறுவர்களுடன் பந்து பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார். பந்தைப் பிடிக்கப் போய், வெட்டிவிட்டிருந்த லைலாக் செடியின் தண்டில் கால் இடறியது. வலியோடு படியில் உட்கார்ந்தவருக்குத் தன் சிறுவயது ஞாபகம் வந்தது. பெரியவர்கள் ஆடும்போது வேடிக்கை மட்டும் பார்த்த ஞாபகம். உங்களுக்கென்று ஒரு டீம், யூனிஃபார்ம், புதுப் பந்து, உங்களால் தூக்கி வீசக்கூடிய மட்டை எல்லாம் இருந்தால் எப்படியிருக்கும் என்று பையன்களைக் கேட்டார். பதிலுக்கு அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? எங்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆட்கள் வருவார்களா? பேண்டு வாத்தியம் வாசிப்பார்களா?

கணக்கில் சேர்த்துக்கொள்ளப்பட வேண்டும் என்ற ஆசை, வேறென்ன!

ஸ்டாட்ஸ் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் குழந்தைகளைப் பெரியவர்களின் மைதானத்துக்குப் பழக்கவில்லை. மைதானத்தைக் குழந்தைகளின் அளவுக்குச் சுருக்கினார். பேஸ்பாலில் மட்டையால் அடித்தவன் ஓட வேண்டிய இடங்களுக்கு பேஸ் என்று பெயர். பெரியவர்கள் ஆட்டத்தில் ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 90 அடி. குட்டிப் பையன் அத்தனை தூரம் ஓடி முடிப்பதற்குள் பந்து வந்துவிடும், அல்லது பந்தை எறிகிறவன் கையிலும் அதற்கு பலம் இருக்காது. தெருப் பையன்களை ஓடவிட்டு, எறியவிட்டு, தூரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் வந்து நின்றது 60 அடி. ஓடுகிறவனுக்கும் எறிகிறவனுக்கும் சரிசமமான போட்டி!

அடுத்தது பணம். பல இடங்களில் கையை விரித்தார்கள். கடைசியில் மூன்று நிறுவனங்கள் கிடைத்தன, டீமுக்கு 30 டாலரில் யூனிஃபார்ம் தயார். டீம்களின் பெயரைப் பாருங்கள்: லைகோமிங் டெய்ரி, லண்டி லம்பர், ஜம்போ பிரெட்செல். பால் பண்ணை, மரக்கடை, தின்பண்டம்! 1939 ஜூன் 6ல் முதல் ஆட்டம். லண்டி லம்பர் 23, லைகோமிங் டெய்ரி 8. இப்படித் தோற்ற பால்காரர்கள்தான் அந்த சீசனின் பட்டத்தை ஜெயித்தார்கள் என்பது தனிக்கதை. லிட்டில் லீக் என்ற பெயரில் இது வேகமாகப் பரவி, 1947லேயே ஊர்விட்டு ஊர் வந்து ஆடும் பெரிய போட்டியாகிவிட்டது.

எல்லாம் சரி. ஆனால் இவ்வளவும் பையன்களுக்கு மட்டும்.

1950ல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஊரில் காத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி சடையை வெட்டிக்கொண்டு, காமிக்ஸில் வரும் டப்பி என்ற பையனின் பெயரைச் சொல்லி டீமில் சேர்ந்தாள். நன்றாக ஆடி இடம் பிடித்த பிறகுதான் உண்மையைச் சொன்னாள். பயிற்சியாளர் நல்ல மனுஷர், ஆடத் தெரிந்தால் போதும், இரு என்றுவிட்டார். மேலிடம் விடுமா? மறுவருடமே பெண்கள் ஆடக்கூடாது என்று எழுத்தில் விதி வந்துவிட்டது. ஒரேயொரு சிறுமிக்காக நாடு முழுவதற்கும் ஒரு தடை!

அந்த விதி 1974 வரை நின்றது. அதை அசைத்தவள் நியூஜெர்சியின் ஹோபோகன் ஊர் மரியா பெப்பி. 1972ல் டீமில் சேர்ந்து மூன்று ஆட்டம் ஆடினாள். இவளை நீக்காவிட்டால் உங்கள் ஊர் லீகின் அங்கீகாரம் போய்விடும் என்று தலைமையிடம் மிரட்டியது. மற்ற பையன்களின் ஆட்டம் நின்றுவிடுமே என்று அவள் விலக வேண்டியதாயிற்று. பெண்கள் அமைப்பு ஒன்று வழக்கை எடுத்தது. பெண்ணின் எலும்பு ஆணின் எலும்பைவிட வலுக் குறைந்தது என்றெல்லாம் எதிர்த்தரப்பு வாதாடியது. (அந்த வயதில் முக்கால்வாசி வகுப்புகளில் பெண்பிள்ளைகள்தான் உயரம் என்பதை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.) 1973ல் விசாரணை அதிகாரி சில்வியா பிரெஸ்லர் சிறுமிகள் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் அது நின்றது. 1974ல் கதவு திறந்தது. அந்த டிசம்பரில் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில், லிட்டில் லீக் சாசனத்தில் இருந்த 'பையன்கள்' என்ற சொல்லும் மாறியது.

ஆனால் லிட்டில் லீகில் ஆட வயது வரம்பு 12. தீர்ப்பு முடிவாகும்போது மரியாவுக்கு 14. அவள் ஆடியது அந்த மூன்று ஆட்டம்தான்.

2004ல் வில்லியம்ஸ்போர்ட்டில் நடந்த போட்டியின்போது மரியாவை அழைத்து, சம்பிரதாயமான முதல் பந்தை வீசச் சொன்னார்கள். வீசினார்.