குண்டூசியும் ஊர்ப்பெயரும்

பூச்சி பிடித்தலைச் சிறுவர் விளையாட்டாகக் கருதுவோர் பலர். 1854-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் புக்கிட் தீமாக் குன்றில் வலையேந்தி அலைந்த ஓர் ஐரோப்பியரைக் கண்ட மரவெட்டிகளும் அவ்வாறே எண்ணியிருக்கக்கூடும். அவர் ஆல்பிரட் ரசல் வாலேஸ். உயிரினங்களின் தோற்றம் பற்றிய கொள்கையில் டார்வினோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் அது. ஆயினும் அவருடைய கொள்கையைக் கற்பிக்கும் நாம், அக்கொள்கைக்கு அடித்தளமாய் அமைந்த வண்டுப் பெட்டிகளைப் பற்றி மாணவர்க்குச் சொல்வதில்லை.

வாலேஸ் செல்வர் அல்லர். அரசு ஊதியம் பெற்றவரும் அல்லர். தாம் பிடித்தவற்றுள் மிகையானவற்றை லண்டனில் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்னும் முகவர் வழியாக விற்றே வாழ்ந்தார். அமேசான் காடுகளில் 1848 முதல் 1852 வரை உழைத்துச் சேர்த்தவற்றின் பெரும்பகுதியை, திரும்பும் வழியில் கப்பல் தீப்பற்றியதால் இழந்தார். பத்து நாள்கள் படகில் மிதந்து உயிர் தப்பினார். பிறரெனின் தொழிலையே துறந்திருப்பர். அவரோ 1854 ஏப்ரல் 18-இல், சார்லஸ் ஆலன் என்னும் இளம் உதவியாளனுடன் சிங்கப்பூரில் வந்திறங்கினார்.

புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் இல்லத்தில் தங்கினார். விடியற்காலையில் எழுந்து, முதல் நாள் பிடித்த பூச்சிகளை ஒழுங்குபடுத்தி உலர வைப்பார். ஒன்பது மணியளவில் காட்டுக்குள் புகுவார். பிற்பகலில் திரும்பிக் குளித்து, அன்றைய பூச்சிகளைக் குண்டூசியில் குத்தத் தொடங்கினால் மாலைவரை அதே வேலைதான். அக்காலத்தில் அக்குன்றைச் சுற்றிலும் புலிகள் உலவின. புலிக்கென வெட்டிய குழிகளும் இருந்தன. எறும்பையும் வண்டையும் நோக்கித் தலைகுனிந்து நடப்பவர் அக்குழிகளையும் நோக்கியாக வேண்டும்!

ஏறத்தாழ இரண்டே மாதங்களில் அவர் 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். அவற்றுள் 130 வகை, நீண்ட உணர்கொம்புகள் உடையவை. இவை அனைத்தும் பெரும்பாலும் ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டில் கிடைத்தவை. இவ்வளவு வளத்திற்குக் காரணம் என்ன? சீன மரவெட்டிகள் ஆண்டுக்கணக்கில் வெட்டிச் சாய்த்த மரங்களும், அழுகிய பட்டையும், மரத்தூளும் வண்டுப் புழுக்களுக்கு உணவாயின என்று வாலேஸே எழுதியுள்ளார். காட்டை அழித்த கோடரியே அக்காட்டின் உயிர்களை அவர் கையில் சேர்த்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பிடிப்பது எளிது, காப்பதே அரிது. வண்டாயின் வலப்புற மேற்சிறகின் வழியாகக் குண்டூசியைச் செலுத்துதல் மரபு. வண்ணத்துப்பூச்சியாயின் மார்பின் நடுவே செலுத்தி, சிறகை விரித்து உலர்த்த வேண்டும். சாய்வாகக் குத்தினால் காலும் கொம்பும் ஒடியும். இளைஞன் சார்லஸுக்கு இந்தக் கைந்நேர்மை வாய்க்கவேயில்லை எனத் தம் தமக்கைக்கு எழுதிய மடலில் வாலேஸ் நொந்துகொள்கிறார். ஆசிரியராய் இருப்போர்க்கு அவ்வருத்தம் புரியும். நம் வெப்பமண்டலத்து ஈரக் காற்றில் உலராத பூச்சி சில நாள்களில் பூஞ்சணம் பிடித்துவிடும். எறும்புகள் அதைவிடக் கொடியவை. நியூகினியின் டோரியில் 1858-இல், அட்டையில் ஒட்டிய பூச்சிகளைக்கூட அவர் கண்முன்னே பிய்த்துக்கொண்டு போயின. மேசைக் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்துவது அன்றைய காப்புமுறை. பெட்டிக்குள் கற்பூரம் வைப்பதும் அக்காலச் சேகரிப்பாளர் வழக்கம். நாம் பூசையில் ஏற்றும் கற்பூரத்திற்கு இப்படியும் ஒரு பணி இருந்தது.

சரவாக்கின் சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கத்திற்கு 1855 மார்ச் 14-இல் சென்றபோது, அவரிடம் முந்தைய நான்கு மாதங்களில் சேர்ந்த 320 வகை வண்டுகள் இருந்தன. இரு வாரங்களுக்குள் அத்தொகை இரட்டித்தது. ஒரே நாளில் 76 வகை கிடைத்ததும் உண்டு. சீனத் தொழிலாளரும் டாயாக் மக்களும் கொணர்ந்த ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு காசு கொடுத்தார். சரவாக்கில் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர், சமையற்காரராகத் தொடங்கிப் பறவை சுடுவதிலும் பாடம் செய்வதிலும் தேர்ந்தவரானார். 1862-இல் சிங்கப்பூரில் பிரியும்வரை பயணத்தின் பெரும்பகுதியில் உடனிருந்தார்.

இறந்த பூச்சியை அறிவாக மாற்றுவது எது? என் கருத்தில், குண்டூசியன்று. அதன்கீழ்ச் செருகிய சீட்டே. அமேசான் குரங்குகளைப் பற்றி 1852-இல் படித்த கட்டுரையிலேயே, அரும்பொருளகங்களில் 'பிரேசில்', 'தென்னமெரிக்கா' என்று மட்டும் பரந்த பெயர் எழுதிவைப்பதை வாலேஸ் குறைகூறினார். ஆற்றின் எந்தக் கரையில் கிடைத்தது என்பதன்றோ வினா! கிழக்கிந்தியத் தீவுகளில் அவர் தம் பூச்சிகளுக்குச் சிறு வட்டச் சீட்டுகளில் ஊர்ப்பெயரைச் சுருக்கி எழுதினார். 1856-இல் பாலியிலிருந்து லொம்போக்கிற்குக் கடந்தபோது, குறுகிய நீரிணையின் இருபுறமும் பறவையினம் வேறுபடுவதைக் கண்டு வியந்தார். எது எங்கே கிடைத்தது என்று குறிக்கும் பழக்கம் இல்லாதவர்க்கு அவ்வேறுபாடு கண்ணில் பட்டிராது. 1858-இல் அவர் டார்வினுக்கு எழுதி அனுப்பிய கட்டுரை, அவ்வாண்டு ஜூலை 1-இல் லண்டனில் டார்வின் எழுத்துகளோடு சேர்த்துப் படிக்கப்பட்டது.

அச்சீட்டுகளில் இல்லாத ஒன்றும் உண்டு. பிற்காலத்தார் பிடித்த நாளையும் பிடித்தவர் பெயரையும் எழுதும் வழக்கத்தை நிலைநாட்டினர். வாலேஸின் வட்டச் சீட்டில் ஊர் மட்டுமே. ஒரு காசுக்கு வண்டு விற்ற சுரங்கத் தொழிலாளியின் பெயரை இனி எவரும் அறிய இயலாது.

எட்டாண்டுகளில் சேர்ந்தவை 125,660. அவற்றுள் பூச்சிகள் 109,700. வண்டுகள் மட்டும் 83,200. அவற்றில் பெரும்பகுதி கப்பலேறிப் பிரிட்டனுக்குச் சென்றது. இங்கே நம்மிடையே வளர்ந்த சேகரிப்பின் கதை வேறு. சிங்கப்பூரின் இராபிள்ஸ் அரும்பொருளகம் 1972-இல் வரலாறு, கலை ஆகியவற்றிற்கே உரியதாக்கப்பட்டபோது, உயிரியல் சேகரிப்பு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கிருந்த திமிங்கில எலும்புக்கூடு 1974-இல் கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்திற்குச் சென்றதை முதியோர் பலர் நினைவுகூர்வர். பெட்டிகளில் உறங்கிய சிறு உயிர்களை நினைத்தவர் சிலரே. நிலையான இடமின்றி அச்சேகரிப்பு ஆண்டுக்கணக்கில் இடம் மாறிக்கொண்டிருந்தது. அதைச் சிதறாமல் காத்தவர்களுள் காப்பாளர் யாங் சாங் மான் அம்மையார் முதன்மையானவர். 2015-இல்தான் அதற்கென லீ கோங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் திறக்கப்பட்டது.

புக்கிட் தீமாக் காப்பகம் இன்று ஏறத்தாழ 163 ஹெக்டேர் அளவே. 1854-இல் அங்கு வாழ்ந்த வண்டுகளுள் எவை எஞ்சியுள்ளன என ஆராயப் புகும் மாணவர், காட்டுக்குள் செல்லுமுன் லண்டன் இழுப்பறைகளில் உள்ள அந்த வட்டச் சீட்டுகளைப் படித்தாக வேண்டும்.