ரிட்டர்ன் டிக்கெட்டும் ஐந்து கம்ப்யூட்டரும்

டெல்லியில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் மூன்றாவது வாக்கியத்தில் ரயில் வந்துவிடும். ஜி.டி.யா, தமிழ்நாடா? கன்ஃபர்ம் ஆச்சா? ஆர்.ஏ.சி.யா? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு நாற்பது வருட சரித்திரம் இருக்கிறது. இன்னிக்குக் கொஞ்சம் அந்தக் கொசுவத்தியைச் சுத்திக்கறேன்.

ஜி.டி. 1929லேயே ஓட ஆரம்பித்த வண்டி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976ல் வந்தது. வண்டிகள் இருந்தன, ஆனால் அதில் இடம் பிடிப்பது தனி வித்தை. ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனி ரெஜிஸ்டர். எந்தக் கவுண்டரில் எந்த வண்டியின் ரெஜிஸ்டர் இருக்கிறதோ அங்கேதான் நிற்க வேண்டும். ஒரு வண்டியில் இடம் இல்லை, அடுத்த வண்டியில் பார்க்கலாம் என்றால் பக்கத்து வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். டிக்கெட் என்பது கெட்டியான சின்ன அட்டை, மிஷினில் தேதி குத்தித் தருவார்கள். கவுண்டர்க்காரர் "இடம் இல்லை" என்று சொன்னால் இல்லை, அவ்வளவுதான். ரெஜிஸ்டர் அவர் பக்கம் திரும்பியிருக்கும். பெரும்பாலானவர்கள் நேர்மையாகத்தான் வேலை பார்த்திருப்பார்கள். ஆனால் அதை நாம் சரிபார்க்க வழியே கிடையாது. புரோக்கர்கள் பிழைத்ததும் அந்த இருட்டில்தான்.

எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய தலைவலி போவது இல்லை, திரும்புவது. சென்னையிலிருந்து கிளம்பும் வண்டியின் ரெஜிஸ்டர் சென்னையில் இருக்கிறது. டெல்லியில் ரிட்டர்ன் கேட்டால் இங்கிருந்து தந்தி போகும், அங்கிருந்து பதில் வர வேண்டும். பள்ளிக்கூட லீவு முடிந்து நாலு பேர் திரும்ப வேண்டும், ஆபீஸில் சேர வேண்டிய தேதி நிச்சயம், ஆனால் பெர்த் நிச்சயமில்லை. சென்னையில் நமக்காக விடியற்காலையில் வரிசையில் நிற்க ஒரு சித்தப்பாவோ மச்சினரோ இருந்தால் கொடுத்து வைத்தவர்கள். அந்த நாளில் எத்தனையோ சித்தப்பாக்களின் மதிப்பு கூடியது இப்படித்தான் :-)

விமானக் கம்பெனிகள் இந்தப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துவிட்டன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஐ.பி.எம்மோடு சேர்ந்து செய்த சேபர் 1964லேயே முழுதாக வேலைக்கு வந்துவிட்டது. அப்புறம் ரயிலுக்கு ஏன் இவ்வளவு நாள்? காசு, இறக்குமதி எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கே சிக்கலானது. ஒரே பெர்த்தை டெல்லியிலிருந்து போபால் வரை ஒருவருக்கும், போபாலிலிருந்து சென்னை வரை இன்னொருவருக்கும் விற்கலாம். வழியில் உள்ள ஸ்டேஷன்களுக்குத் தனித்தனி கோட்டா. பெண்களுக்கு, ராணுவத்தினருக்கு, அவசரத்துக்கு என்று அது வேறு. (அவசர கோட்டாவுக்கு எம்.பி. லெட்டர் வாங்க முடிவது டெல்லியில் குடியிருப்பதன் ஒரு சில்லறை லாபம்.) சலுகைக் கட்டணங்கள் ஒரு பெரிய பட்டியல்.

இந்தக் கணக்கையெல்லாம் புரோகிராமாக எழுதியது சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம். ஐ.பி.எம். 1978ல் இந்தியாவை விட்டுப் போனபோது அவர்களுடைய மிஷின்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் இவர்கள்தான். வாக்ஸ் கம்ப்யூட்டரில் ஓடிய அந்த அமைப்புக்கு இம்ப்ரெஸ் என்று பெயர். 1986ல் புது டெல்லியில் வேலைக்கு வந்தது.

அதோடு எந்தக் கவுண்டரிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் கிடைத்தது. ஆனால் என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய மாற்றம் வெயிட்டிங் லிஸ்ட்டில் வந்தது. லிஸ்ட் முன்பும் இருந்தது. இப்போதோ யாராவது கேன்சல் செய்தால் அடுத்த நம்பர் தானாக முன்னேறியது. நடுவில் யார் பெயரையும் பேனாவால் செருக முடியாது. வரிசையில் நமக்கு முன்னால் எத்தனை பேர் என்பது முதல்முறையாக நமக்கும் தெரிந்தது.

ரிட்டர்ன் டிக்கெட் மட்டும் தீரவில்லை. மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று மற்ற ஊர்களுக்கும் கம்ப்யூட்டர் வந்தது, ஆனால் ஐந்தும் ஐந்து தீவுகள். ரயில்வே தனக்காகவே தொடங்கிய கிரிஸ் என்ற அமைப்பு கான்செர்ட் என்று புதிய மென்பொருளை எழுதி, 1994ல் செகந்திராபாத்தில் முதலில் போட்டது. 1999 ஏப்ரலில் ஐந்தும் இணைந்தன. டெல்லியில் உட்கார்ந்து சென்னை பெர்த்தைத் தொட, முதல் கம்ப்யூட்டர் வந்தபிறகும் பதிமூன்று வருடம் ஆயிற்று! அந்தத் தீவுகளின் தடயம் இன்றும் டிக்கெட்டில் இருக்கிறது. டெல்லியில் கிளம்பும் வண்டிக்கு பி.என்.ஆர். பெரும்பாலும் 2ல் ஆரம்பிக்கும், சென்னையில் கிளம்பினால் 4ல்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் விற்பனை தொடங்கியது. வீட்டில் உட்கார்ந்து புக் செய்தால் டிக்கெட் கூரியரில் வரும். கூரியர்க்காரர் வரும்போது வீடு பூட்டியிருந்தால் அது தனிக்கதை. 2005ல் நாமே அச்சடித்துக்கொள்ளும் இ-டிக்கெட் வந்தது.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஹோட்டலும் விமானமும் கம்ப்யூட்டரை வைத்துக் காலி இடத்தை நிரப்பப் பார்க்கின்றன. ஆள் பிடிக்கத்தான் அவர்களுடைய தள்ளுபடி, பாயிண்ட், மெயில் எல்லாம். ரயிலில், அதுவும் நம்ம ஊர்ப் பக்கம் போகும் வண்டிகளில், காலி இடம் ஏது? அங்கே கம்ப்யூட்டரின் வேலை பற்றாக்குறையைப் பங்கு போடுவது. இடம் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறும் விமானக் கம்பெனி வழக்கத்தையும் 2016ல் ராஜதானி போன்ற வண்டிகளில் கொண்டுவந்துவிட்டார்கள். அது பங்கு போடுவதில் சேருமா என்பது என் சந்தேகம்.

பங்கு சரியாக விழுகிறதா? 1997ல் வந்த தத்காலைப் பாருங்கள். காலை 10 மணிக்கு ஏ.சி., 11 மணிக்கு மற்றவை. நாம் பெயரும் வயதும் அடித்து முடிப்பதற்குள் மென்பொருள் வைத்திருப்பவர் முடித்துவிடுகிறார். பழைய கவுண்டரில் முன்னால் நின்ற புரோக்கரின் முதுகாவது தெரிந்தது. 2025ல் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கியதாக அரசே சொன்னது. அந்த ஜூலையிலிருந்து இணையத்தில் தத்கால் எடுக்க ஆதார் கட்டாயம், முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளுக்கு அனுமதி இல்லை. ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று போன் வரும் அன்றைக்கு இதெல்லாம் எவ்வளவு உதவுகிறது என்பதை வைத்துத்தான் நான் மார்க் போடுவேன்.

2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்திருக்கிறது. பொங்கலுக்கு ஜனவரி 12ஆம் தேதி கிளம்ப முன்பு செப்டம்பர் 14ல் காத்திருந்தோம். இப்போது நவம்பர் 13. எங்கள் வீட்டுக் காலண்டரில் அதற்கு இரட்டை வட்டம் போட்டாயிற்று. காலை எட்டு மணிக்குத் தங்க்ஸ் ஒரு போனில், நான் ஒரு போனில்.