இலவு கடந்த கடல்

பழைய தலையணை கிழிஞ்சால் வீடு முழுக்கப் பறக்குமே, அந்தப் பஞ்சைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பிடிக்கப் போனால் கைக்குள் அகப்படாது. கூட்டப் போனால் தும்புத்தடிக்கு முன்னால் ஓடும். இலவம் பஞ்சு. சிங்களத்தில் 'கொட்ட புளுன்', அதாவது தலையணைப் பஞ்சு. ஃபோம் மெத்தை வர முதல் எங்கட ஊர்களில் கனக்கப் பேர் தலைவைத்துப் படுத்தது இதில்தான். ஆனால் பஞ்சு என்று பெயர் வைத்திருக்கிறோமே, இதை நூலாக்கி ஏன் ஒருவரும் ஒரு சேலைகூட நெய்யவில்லை என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டுப் பார்த்தால், அந்தக் கேள்வி எங்களைத் தூரக் கடல்களுக்குக் கொண்டுபோய் விடுகிறது.

பருத்தியின் இழை விதையில் முளைப்பது. காயும்போது தானாகவே முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கினால்தான் ஒரு இழை இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு நூலாகிறது. இலவம் இழை விதையில் முளைப்பதில்லை, காயின் உட்சுவரில் முளைக்கிறது. விதை உள்ளே சும்மா கிடக்கும்; உலுப்பினாலே கழன்றுவிடும். இழையில் முறுக்கு இல்லை, மேலே மெழுகு பூசினதுபோல் வழுவழுப்பு. ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும். நெசவுக்காரனுக்கு உதவாத பஞ்சு. ஆனால் ஒவ்வொரு இழையும் மெல்லிய சுவர் கொண்ட ஒரு குழாய், கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் காற்று. மெழுகு தண்ணீரை அண்டவிடாது, உள்ளே இருக்கிற காற்று அமிழவிடாது. தன் எடையைப் போல் ஏறத்தாழ முப்பது மடங்கு பாரத்தைத் தண்ணீரில் தாங்கும். நூலாக முடியாத இந்தப் பஞ்சு மிதக்கப் பிறந்தது.

மரத்தின் தாவரவியற் பெயர் செய்பா பென்டான்ட்ரா. 'செய்பா' என்பது கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல். 'பென்டான்ட்ரா' என்றால் ஐந்து மகரந்தத் தாள் உடையது. உலகச் சந்தையில் புழங்கும் 'கபோக்' என்ற பெயர் மலாய் மொழியின் 'காபுக்'. அமெரிக்கத் தீவில் பெயர், கிரேக்கத்தில் அடைமொழி, மலாயில் வியாபாரம். மரத்தின் வரலாறு முழுவதும் பெயரிலேயே இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இலவு காத்த கிளி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, ஒளவையார் ஆத்திசூடியில் நித்திரைக்கு இலவம் பஞ்சை விதந்து சொன்னாரே, அந்த இலவு இதுவா? இல்லை என்றே நாங்கள் நினைக்கிறோம். சங்கப் பாடல்களில் வரும் இலவத்துக்குச் சிவந்த பூ. அது எங்கட பக்கத்துக் காடுகளுக்கே உரிய முள்ளிலவு, வேறு பேரினம். அதுவும் காய் வெடித்துப் பஞ்சு பறக்கவிடும், எனவே கிளி ஏமாந்தது உண்மைதான். நாங்கள் இங்கே பேசும் இலவத்தின் பூ பால் வெள்ளை அல்லது வெளிர்ச் சிவப்பு. அது வெளியிலிருந்து வந்து, உறவுக்காரனின் பெயரை வாங்கிக்கொண்ட மரம். தோட்டங்களில் வளர்க்கிற வகையில் காய் பெரும்பாலும் மரத்தில் நின்று வெடிப்பதுமில்லை. மனிதர் பறித்து உடைக்க வேண்டும். கிளி இதைக் காத்திருந்தால் பஞ்சைக்கூடக் கண்டிராது.

சொந்தக் காட்டில் இது வேறு உருவம். மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளிலும் மேற்கு ஆபிரிக்காவிலும் 60, 70 மீற்றர் உயரத்துக்குப் போகும். அடியில் மனிதரை மறைக்கும் உயரத்துக்குப் பலகை வேர்கள் சுவர் சுவராக விரிந்து நிற்கும். இள மரத்தின் தண்டில் கூம்பு கூம்பாக முள். வறண்ட காலத்தில் இலையெல்லாம் கொட்டி, மொட்டை மரமாக நின்று பூக்கும். பூ விரிவது இரவில். தேன் குடிக்க வருவது வௌவால். இலை இல்லாமல் பூப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. வௌவாலுக்கு வழியில் தடை இல்லை, பிறகு காய் வெடிக்கும்போது பஞ்சு பறக்கவும் தடை இல்லை.

அப்ப, அத்திலாந்திக்கின் இரண்டு கரையிலும் ஒரே மரம் எப்படி வந்தது? கண்டங்கள் பிரிய முன்பே இருந்திருக்கலாம் என்பது ஒரு ஊகம், ஆட்கள் கொண்டுபோயிருக்கலாம் என்பது இன்னொன்று. 2007இல் கிறிஸ்டோபர் டிக் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இரு கரை மரங்களின் மரபணுவையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். வேறுபாடு மிகச் சொற்பம். தென் அமெரிக்காவும் ஆபிரிக்காவும் பிரிந்து ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகள். அவ்வளவு காலம் பிரிந்து நின்ற மரங்களுக்கு இவ்வளவு ஒற்றுமை இருக்க முடியாது. அமெரிக்கப் பக்கமிருந்து விதை பிற்காலத்தில் கடலைக் கடந்து ஆபிரிக்காவில் முளைத்திருக்கிறது என்பதே அவர்கள் வந்த முடிவு. மிதக்கும் பஞ்சுக்குள் பத்திரமாகப் பொதிந்த விதைக்குக் கடல் ஒரு பாதைதானே. ஆசியாவுக்குத்தான் மனிதர் கொண்டுவந்தார்கள் என்பது பொதுவான கருத்து.

மரம் தானாகக் கடந்த அதே கடலை, பிறகு மனிதர்கள் சங்கிலியோடு கடந்தார்கள்.

இந்த மரத்தின் வரலாற்றில் எங்களைப் பிடித்து நிறுத்தினது இந்த இடந்தான். மாயா மக்களுக்குச் செய்பா உலகத்தின் நடுமரம். வேர் பாதாளத்தில், தண்டு மண்ணில், கிளை வானத்தில். குவாத்தமாலா 1955இல் அதைத் தேசிய மரமாக்கியது. மேற்கு ஆபிரிக்காவிலும் பல ஊர்களில் இதே மரம் முன்னோரும் ஆவிகளும் குடியிருக்கும் இடம், லேசில் வெட்டமாட்டார்கள். இப்போது யோசித்துப் பாருங்கோ. ஆபிரிக்காவின் ஒரு ஊரிலிருந்து பிடிக்கப்பட்டு, கப்பலின் அடித்தட்டில் கிடந்து, உயிரோடு யமேக்காவிலோ ஹெயிட்டியிலோ இறக்கப்பட்ட ஒருவருக்கு அங்கே மொழி தெரியாது, சனம் தெரியாது, பெயரைக்கூட எசமான் மாற்றிவிட்டான். ஆனால் கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் நிற்கிற மரம் தெரிந்த மரம்.

அந்த மரத்தடியில்தான் அவர்கள் தங்கட தெய்வங்களைத் திரும்ப இருத்தினார்கள். ஹெயிட்டியில் அது 'மாப்பு', வூடூ வழிபாட்டின் புனித மரங்களில் ஒன்று. யமேக்காவில் ஆவிகள் தங்கும் இடம். கியூபாவில் நடந்தது இன்னும் கூர்மையானது. யொரூபா மக்களின் 'இரோகோ' என்ற தெய்வம் ஆபிரிக்காவில் குடியிருந்தது முற்றிலும் வேறொரு மரத்தில். கியூபாவில் அந்த மரம் இல்லை. தெய்வத்தைக் கைவிடவில்லை, மரத்தை மாற்றினார்கள். இரோகோ செய்பாவுக்குக் குடிவந்தது. அதே ஹவானாவில் ஸ்பானியருக்கும் ஒரு செய்பாக் கதை உண்டு. 1519இல் நகரத்தின் முதல் பூசையும் முதல் சபையும் ஒரு செய்பாவின் கீழ் நடந்ததாம். அந்த இடத்தில் 1828இல் 'எல் டெம்ப்லெட்டே' என்ற மண்டபம் கட்டப்பட்டது. இன்றும் நவம்பர் 15 இரவு சனம் வரிசையில் நின்று, அங்குள்ள செய்பாவை மூன்று முறை சுற்றி நேர்த்தி வைக்கிறது. மரம் பட்டுப்போகப் போக அதே இடத்தில் புதிது நட்டார்கள், கடைசியாக 2016இல். வெற்றி கொண்டவரின் நினைவும் அடிமைப்பட்டவரின் தெய்வமும் ஒரே மரத்தில். மூன்று சுற்று யாருடைய வழக்கம் என்று இப்போது பிரித்தெடுப்பது கஷ்டம்.

பிரிக்க முயன்றவர்களும் இருந்தார்கள். ஹெயிட்டியில் 1941, 1942இல் கத்தோலிக்கத் திருச்சபை அரசின் துணையோடு 'மூடநம்பிக்கை ஒழிப்பு' என்று ஒரு இயக்கம் நடத்தியது. வூடூப் பறைகளையும் பூசைப் பொருட்களையும் எரித்தார்கள், புனித மரங்களைத் தறித்தார்கள். மரத்தை அறுத்தால் நினைவு அறும் என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

திரும்பி வந்தவர்களின் கதை ஒன்றும் இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போரில், எங்கட பக்கம் வந்தால் விடுதலை என்று பிரித்தானியர் அறிவித்ததை நம்பி, தோட்டங்களிலிருந்து ஓடிவந்த கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில். போரில் பிரித்தானியர் தோற்றார்கள். வந்தவர்களைக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இறக்கினார்கள். வாக்களித்த காணி பலருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது கல்லும் குளிரும். அவர்களில் தோமஸ் பீற்றர்ஸ் என்பவர், தானே அடிமையாக இருந்து தப்பியவர், கடல் கடந்து லண்டனுக்குப் போய் முறையிட்டார். பதிலாகச் சியரா லியோனில் குடியேற இடம் தருவதாகச் சொன்னார்கள். 1792 ஜனவரியில் ஹலிஃபக்ஸ் துறைமுகத்திலிருந்து 15 கப்பல்களில் ஏறத்தாழ 1,200 பேர் புறப்பட்டார்கள். சிலர் ஆபிரிக்காவிலேயே பிறந்து, பிடிபட்டு, மற்றத் திசையில் அதே கடலைக் கடந்தவர்கள்.

மார்ச்சில் கரையேறினவர்கள் ஒரு பெரிய இலவ மரத்தின் கீழ் கூடி நன்றி சொல்லிப் பாடினார்கள் என்று ஃப்ரீடவுன் நகரத்தார் சொல்லிவருகிறார்கள். நகரத்தின் பெயரே விடுதலை நகரம். ஆனால் அந்தப் பெயரை மட்டும் பார்த்துக் கண்ணீர் விட நாங்கள் தயாரில்லை. அது டெம்னே மக்களின் நிலம். 1787இல் லண்டனிலிருந்து வந்த முதல் குடியேற்றத்தை அவர்களின் தலைவர் ஒருவர் 1789இல் எரித்திருந்தார். ஆற்றில் கொஞ்சத் தூரம் மேலே போனால் பன்ஸ் தீவு. அங்கே பிரித்தானிய வியாபாரிகளின் அடிமைக் கோட்டை அப்போதும் இயங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆற்றின் மேலே ஆட்களை விற்கிறார்கள், கீழே விடுதலை நகரம் கட்டுகிறார்கள்.

பீற்றர்ஸ் அந்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். குடியேற்றத்தை நடத்திய கொம்பனி, சும்மா தருவதாகச் சொன்ன காணிக்கு வரி கேட்டது. 1800இல் சனம் எழும்பியது. அடக்க ஆள் இல்லாமல் கொம்பனி தவித்த நேரத்தில் ஒரு கப்பல் வந்தது. அதில் இருந்தவர்கள் யமேக்காவின் மறூண்கள். பிரித்தானியரோடு மலைகளில் சண்டைபிடித்து, நாடுகடத்தப்பட்டவர்கள். அவர்களை வைத்தே கலகத்தை அடக்கினார்கள். நாடிழந்த ஒரு கூட்டத்தை இன்னொரு நாடிழந்த கூட்டத்தின் மேல் ஏவுகிற வித்தையை எங்கட வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இனி ஜாவா. ஒல்லாந்தர் ஆட்சியில் இலவம் பஞ்சு அங்கே ஏற்றுமதிப் பொருளானது. உலகப் போர்களுக்கு முன் உலகச் சந்தையின் பெரும்பங்கு ஜாவாவிலிருந்துதான். பறித்த காயை உடைத்து, பஞ்சைக் கம்பி வலைக் கூண்டுக்குள் வெயிலில் காயவிடுவார்கள். திறந்து வைத்தால் காற்று கொண்டுபோய்விடும். உள்ளே நின்று கிளறுகிறவரின் மூக்கு, தொண்டை முழுக்கத் தூசு. விதையில் எண்ணெய், சவர்க்காரம், பிண்ணாக்கு மாட்டுக்கு. பஞ்சில் பெரும்பகுதி கடற்படைகளின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் போனது.

1942இல் யப்பான் ஜாவாவைப் பிடித்தது, அமெரிக்காவுக்குப் பஞ்சு நின்றுபோனது. கடலில் போர் நடத்துகிற நாட்டுக்கு இது சின்ன விசயமில்லை. அவர்கள் பதிலுக்கு எடுத்தது மில்க்வீட் என்ற களைச் செடி, எங்கட எருக்கலைக்கு உறவு. எருக்கலங்காய் வெடித்தால் பட்டுப்போல் பறக்குமே, அதே சாதிப் பஞ்சு. 1944இல் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சாக்கோடு வயலுக்கு அனுப்பினார்கள்: இரண்டு சாக்குக் காய், ஒரு உயிர்காப்பு அங்கி.

இலவம் பஞ்சுக்கும் எல்லை உண்டு. தண்ணீரை விரட்டுகிற அதே மெழுகு எண்ணெயை இழுத்துக்கொள்ளும். மூழ்கும் கப்பலைச் சுற்றி எண்ணெய்தான் மிதக்கும். நாள்கணக்கில் ஊறினால் நல்ல அங்கியும் கனத்துவிடும். 1945 ஜூலை 30 அன்று யப்பானிய நீர்மூழ்கி அடித்து மூழ்கின யூ.எஸ்.எஸ். இண்டியானாபொலிஸில் ஏறத்தாழ 1,200 பேர். தண்ணீரில் விழுந்தவர்களில் பலர் இலவம் பஞ்சு அங்கியோடு நாலைந்து நாள் கிடந்தார்கள். ஊறின அங்கி மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போனது. உயிரோடு மீண்டவர்கள் 316 பேர்.

போர் முடிந்ததும் செயற்கை நுரை வந்தது. அங்கிகளிலிருந்து முதலில் போனது, பிறகு மெத்தைகளிலிருந்து. மத்திய ஜாவாவிலும் தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரிலும் இன்னும் இந்தத் தொழிலில் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கியைக் கனக்கவைத்த அந்தக் குறையையே இப்போது குணமாக்கப் பார்க்கிறார்கள்: கடலில் எண்ணெய் கொட்டினால் உறிஞ்சி எடுக்க இலவம் பஞ்சை ஆய்வுசெய்கிறார்கள்.

ஃப்ரீடவுன் மரம் நகரத்தின் நடுவில், நீதிமன்றத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் பக்கத்தில் நின்றது. நாடு சுதந்திரமடைந்து 1964இல் சொந்தப் பணம் அடித்தபோது முதல் லியோன் தாள்களில் அதன் படம்தான். பகலில் வௌவால்கள் தொங்க, கீழே வாகனங்கள் சுற்றிப் போகும். 2023 மே 24 அன்று இரவு மழையோடு காற்று அடித்தது. விடியச் சனம் வந்து பார்த்தபோது அடிக்கட்டை மட்டும் நின்றது.