ஒலிபெருக்கி வந்த வழி

சிங்கப்பூரில் 1949ஆம் ஆண்டு ரீடிஃபியூஷன் என்னும் கம்பிவழி ஒலிபரப்பு தொடங்கியது. வீடுகளிலும் காப்பிக்கடைகளிலும் ஒலிபெருக்கிப் பெட்டிகளை மாட்டினார்கள். வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் மாதச் சந்தா கட்டிக் கேட்டு மகிழ்ந்தனர். 2012இல் அச்சேவை ஓய்ந்தது.

ஒலிபெருக்கி எப்படிப் பேசுகிறது? 1925இல் அமெரிக்கப் பொறியாளர்கள் ரைஸ், கெல்லாக் இருவரும் வகுத்த முறையைப் பார்ப்போம். காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் அசைகிறது. அதனோடு கூம்பு அதிர்ந்து ஒலி எழுகிறது. இன்று சிராங்கூன் சாலையில் செல்லும் காரில் ‘ஒலி 96.8’ கேட்பதும் பெரும்பாலும் இம்முறையில்தான்.

ஆனால் ஒரே கூம்பு எல்லா ஒலியையும் செம்மையாகத் தருவதில்லை. மத்தளத்தின் முழக்கத்துக்குப் பெரிய கூம்பு வேண்டும். ஜால்ராவின் கிணுகிணுப்புக்குச் சிறியது வேண்டும். கார்க்கதவில் பொருத்தும்போது இடைவெளி விட்டால், பின்புற அதிர்வு முன்புற ஒலியைக் குலைக்கும், முழக்கம் மெலியும்.

ஆகவே, பிள்ளைகள் உழைத்து வாங்கிய வண்டிக்கு ஒலிபெருக்கி தேடுகையில் வெறும் முழக்கத்தில் நாம் மயங்க வேண்டாம். முதலில் செய்தி வாசிப்பைக் கேட்போம். வலி, வளி, வழி மூன்றும் வேறுவேறாகக் காதில் விழுகின்றனவா? அதுவே நல்ல ஒலிபெருக்கி.